அர்த்தனாரி புறம் மாற்றிப் பின்னிய கூடை

செங்கரட்டூர்க்காரர்கள் ஒன்பது நாள் ஊரை விட்டு வெளியே போக முடியாமல் கிடந்தார்களே, அதற்கு ராகு கேதுப் பெயர்ச்சிதான் காரணம் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், கரட்டுக் குன்றைச் சுற்றிப் புதிதாகப் போட்ட தார் ரோட்டில் ஏதோ கோளாறு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அது லாரி டிரைவர் அர்த்தனாரி தன் ஆயுளில் முதன்முதலாகப் பின்னிய வயர் கூடையால் வந்த வினை என்பது அன்றைக்கு அவர் வீட்டு வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

அர்த்தனாரிக்கு உட்காரத் தெரியாது. இருபத்தாறு வருடம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனிதரைப் பற்றி இப்படிச் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் ஓடுகிற வண்டியில் உட்காருவது வேறு, நிற்கிற வீட்டில் உட்காருவது வேறு. நாக்பூர் போய் வந்து இரண்டு நாள், கட்டாக் போய் வந்து ஒன்றரை நாள் என்று வீட்டைத் தொட்டுவிட்டு ஓடுகிற ஆள், ஹூப்ளியில் லோடு மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்து, வலது கால் முறிந்து, உள்ளே தகடு வைத்து, மூன்று மாதம் வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வீட்டில் கிடந்தபோது, அந்த வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நாற்காலியில் உட்கார்ந்தால் வலது பாதம் தானாக ஆக்சிலேட்டரை மிதித்தது. சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார், மறுநாள் அகலவாரியாக அடுக்கினார், கடிகாரத்தைக் கழற்றி மறுபடி பூட்டினார், அது நின்றுபோனது. பகலெல்லாம் அவருக்கு லாரி நினைப்புதான். பதினோரு வருடமாக அவர் ஒருவர் கை மட்டுமே பட்ட வண்டி அது, எந்த நட்டு எந்த மேட்டில் என்ன சத்தம் போடும் என்று அவருக்குத் தெரியும். "மூணு மாசம் முடியற இருபதாம் தேதி காலைல சங்ககிரிக்கு வந்து சாவிய வாங்கிக்க அர்த்தனாரி, வரலீன்னா வேற ஆளப் போட்டுருவேன், என்னால வண்டிய நிறுத்தி வெச்சுட்டு இருக்க முடியாது" என்று முதலாளி சொல்லியிருந்தார். வண்டி கைமாறிப் போனால் அப்புறம் தான் எதற்கு என்றே அவருக்குத் தெரியவில்லை.

அவர் மனைவி சுகந்தாமணி புதன்கிழமையும் சனிக்கிழமையும் மத்தியானத்தில் வீட்டிலேயே கூடை பின்னச் சொல்லிக்கொடுத்தாள். பிழைப்புக்காக அல்ல, பொழுதுக்காக. கதவில் ஒரு அட்டை தொங்கும்: கூடை பின்னப் பழகலாம், புதியவர்கள் மட்டும். ஒரு கூடையை முடித்தவர்களை அவள் மறுபடி சேர்த்துக்கொள்ள மாட்டாள், தெரிந்துகொண்டவர்களோடு உட்கார்ந்து என்ன பேசுவது என்பாள். தையல்கடை ருக்குமணி, தபால்காரரின் சம்சாரம், பரீட்சை முடிவுக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள் என்று அப்போது நான்கு பேர் வந்துகொண்டிருந்தார்கள். சர்க்கரை டப்பாவுக்குள் உப்பு இருந்த ஒரு நாள் சுகந்தாமணிக்குப் பொறுமை போய்விட்டது. மஞ்சளும் பச்சையுமாக இரண்டு கட்டு வயரை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"ஏனுங்க, வீட்டக் கழட்டுனது போதும். அவிங்களோட உக்காந்து இதப் பின்னுங்க."

மஞ்சளும் பச்சையும் அவர் லாரியின் நிறம். அதனாலேயோ என்னவோ, உட்கார்ந்தார். வயரை ஒரே அளவாக வெட்டுவது, நடுவைக் கண்டுபிடித்து மடிப்பது, ஒன்றுக்குள் ஒன்றை விட்டு இழுத்து முடிச்சாக்குவது, முடிச்சோடு முடிச்சைக் கோத்து வரிசையாக்குவது, வரிசை வரிசையாக அடியை முடிப்பது என்று, தார்ப்பாய்க் கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன அந்த விரல்கள் முதலில் தடுமாறி, அப்புறம் பழகி, அப்புறம் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டன. சாப்பிடக் கூப்பிட்டால் இந்த வரிசை முடியட்டும் என்றார். வலது பாதம் மிதிப்பதை நிறுத்தியது. சுகந்தாமணி அடுப்பங்கரையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். இந்த மனுசன் ஒரே இடத்தில் இத்தனை நேரம் இருந்து அவள் பார்த்ததே இல்லை.

இதில் ஒரு விஷயம் உண்டு. வயர் முடிச்சுக்கு முகமும் உண்டு, முதுகும் உண்டு. முகம் வழவழப்பாகக் கட்டம் கட்டமாக இருக்கும், முதுகு தாறுமாறாக இருக்கும். அடியைப் பின்னி முடித்ததும் அதைக் கவிழ்த்துப் போட்டுத்தான் சுவரை எழுப்ப வேண்டும், அப்போதுதான் முகம் வெளியே வரும், முதுகு உள்ளே போகும். புதிதாகப் பின்னுகிறவர்களில் பாதிப் பேர் சுவரை எழுப்பும் அவசரத்தில் கவிழ்க்க மறந்துவிடுவார்கள். அர்த்தனாரியும் மறந்தார். திருப்பாமலே சுவரை எழுப்பி, பதினாறு வரிசை ஏற்றி, கைப்பிடி போட்டு, பதினோராம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்குக் கடைசி நுனியைச் சொருகினார். அந்தக் கணத்தில் கூடைக்கு உள்ளே இருக்கவேண்டியது வெளியேயும், வெளியே இருக்கவேண்டியது உள்ளேயும் ஆனது. அதாவது செங்கரட்டூர் கூடைக்குள் போய்விட்டது.

முதலில் இதைக் கண்டது பதினொன்றே முக்கால் பஸ். திருச்செங்கோட்டுக்குப் போவதற்காகக் கிழக்கே கிளம்பி, ரைஸ்மில்லைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி, ஒரு வளைவு திரும்பியதும், மேற்கே மாரியம்மன் கோயில் பக்கமாக ஊருக்குள் வந்து சேர்ந்தது. டிரைவர் இறங்கி டயரைப் பார்த்தார். உறவுக்காரர் வீட்டுக்கு ஒறம்பரையாக வந்து சாப்பிட்டு, கண்ணீரும் கம்பலையுமாக விடைபெற்று ஏறின ஒரு குடும்பம், டாட்டா காட்டிய கை கீழே இறங்குவதற்குள் மறுபடி அதே வாசலில் வந்து இறங்கியது. ஊரை விட்டு ஓடிப்போகிற யோசனையில் பைக்கில் பறந்த ஒரு ஜோடி, மூன்றே நிமிடத்தில் பெண்ணின் அப்பா வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்த கடை முன்னால் வந்து நின்றது, அவரும் வேறு வழி தோன்றாமல் இரண்டு பேருக்கும் டீ சொன்னார். வெளியூர்க்காரர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, அவர்கள் ரோட்டில் போனால் செங்கரட்டூர் என்ற ஊரே குறுக்கிடாமல் போய்க்கொண்டிருந்தார்கள், வழி கொஞ்சம் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டதாகப் போனில் சொன்னார்கள்.

ஊர் இதை ஏற்றுக்கொண்ட விதம் ஊருக்கே உரியது. முதல் நாள் பயந்தார்கள், இரண்டாம் நாள் சண்டை போட்டார்கள், மூன்றாம் நாளிலிருந்து நேரம் வைத்துச் சுற்ற ஆரம்பித்தார்கள். ஊராட்சித் தலைவர் செங்கோடன் பஸ்ஸை அரைமணிக்கு ஒரு தரம் சுற்றவிட்டார், கிழக்கே போய் மேற்கே வரும் அந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. ஏனென்றால் போக முடியாது என்று ஆனதுமே எல்லோருக்கும் எங்காவது போகவேண்டிய வேலை வந்துவிட்டது. பத்து வருடமாக ஊர் எல்லையைத் தாண்டாதவர் ஈரோட்டில் அவசர சோலி இருக்கிறது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். செருப்புகள் தேய்ந்தன. சாப்பிட உட்கார்ந்தவர்கள் பாதியில் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள், எதைப் பார்த்தோம் என்று கேட்டால் தெரியவில்லை. மாடுகள் கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி வந்தன. குழம்பில் தக்காளி குறைந்தது, அப்புறம் குழம்பே குறைந்தது, ஒறம்பரைக்காரர்களைப் பார்க்கும் முகங்களில் சிரிப்பும் குறைந்தது. பொழுது சாயும் நேரத்தில் வானத்தில் மஞ்சளும் பச்சையுமாகக் கட்டம் கட்டமாய்த் தெரிந்தது, அதையும் மழைக்கு அறிகுறி என்று சிலர் சொன்னார்கள், அவர்கள் சொன்ன மழை வரவில்லை.

எல்லோரையும் விட அதிகம் தவித்தது அர்த்தனாரிதான். கூடையைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவரும் கிழக்கே நடந்தார், மேற்கே வந்தார். மேற்கே நடந்தார், கிழக்கே வந்தார். காலில் தகடு வலித்தது. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று காலண்டரில் தேதி கிழிந்துகொண்டே இருந்தது, இருபது நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. பதினாறாம் தேதி, கால் எக்ஸ்ரேயை எங்கேயாவது பத்திரமாக வைக்கலாமே என்று கூடைக்குள் கையை விட்டபோது, கையில் காற்று அடித்தது. வீட்டுக் காற்று இல்லை. ஓடுகிற வண்டியின் ஜன்னலில் முழங்கையை வைத்தால் அடிக்குமே, அந்தக் காற்று. முகத்தைக் குனிந்து வைத்தார். டீசல் வாசம் வந்தது, சூடான தார் வாசம் வந்தது, எங்கோ ஒரு தாபாவில் ரொட்டி கருகும் வாசம் வந்தது, ஏர் ஹாரன் ஒன்று நீளமாக அடித்துக்கொண்டே தூரமாய்ப் போனது. தோள்வரை கையை விட்டார், வெளியே எடுத்தபோது சட்டை மழையில் நனைந்திருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கப்புறம் மூன்று நாளும் கூடையை மடியில் வைத்து, முகத்தை அதற்குள் புதைத்து உட்கார்ந்திருந்தார். ஊர் அடைபட்டதற்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. சுகந்தாமணி பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் தேதி புதன்கிழமை, சுற்றிச் சுற்றி அலுத்துப்போன ருக்குமணி, வகுப்பாவது நடக்கிறதா பார்ப்போம் என்று காலையிலேயே வந்தாள். வந்தவள் அவர் மடியிலிருந்த கூடையைப் பார்த்தாள்.

"ஐயோ அண்ணா, உள்ள வெளிய மாத்திப் பின்னிப் போட்டீங்களே! முதுகெல்லாம் வெளிய நிக்குது பாருங்க" என்று சொல்லி, வெடுக்கென்று அதை எடுத்துச் சாய்த்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

பாலத்து ஏற்றத்தில் பஸ் வேகமாக ஏறி இறங்கினால் வயிறு ஒரு மாதிரி ஆகுமே, அப்படி அந்த நொடியில் செங்கரட்டூரில் இருந்த எல்லோருக்கும் ஆனது. ரைஸ்மில்லில் மூட்டைகள் சரிந்தன, கிணற்றுத் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறி நின்றது, டீக்கடைப் பாய்லர் உருண்டது. ருக்குமணி பயந்துபோய்க் கூடையைக் கீழே வைத்தாள், ஊர் நேரானது. தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாள், காலையிலேயே மஞ்சளும் பச்சையுமாகக் கட்டம் தெரிந்தது. குனிந்து கூடையைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் வாயை மூட யாராலும் முடியவில்லை, அரைமணி நேரத்தில் ஊரே அர்த்தனாரி வாசலில் நின்றது.

இளவட்டங்கள் இரண்டு பேர் கூடையை உள்புறம் வெளியே வரும்படி புரட்டிப் பார்க்கலாம் என்று அமுக்கினார்கள், வானம் கிரீச்சென்றது, நாலு வீட்டு ஓடு விழுந்தது, விட்டுவிட்டார்கள். கத்தரியை எடுத்து வெட்டிவிடலாம் என்றார் தலைவர் செங்கோடன்.

"வெட்டுனா நாம எந்தப் பக்கம் விழுவோம்னு தலைவருக்குத் தெரியுங்களா?" என்று கேட்டாள் சுகந்தாமணி. தலைவர் கத்தரியைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "கட்டுன வரிசையத் திருப்பி அவுத்துட்டு வரோணும். கடைசியாப் போட்டது மொதல்ல. வேற வழி இல்லைங்க."

அப்போதுதான் ருக்குமணி அதைக் கேட்டாள். "ஏனுங்க்கா, எங்களுக்கெல்லாம் அடி முடிஞ்சதும் கவுத்துப் போடு, கவுத்துப் போடுன்னு நூறு தடவ சொன்னீங்க. பக்கத்துலயே உக்காந்திருந்துட்டு அண்ணனுக்கு எப்படிச் சொல்லாம உட்டீங்க?"

அர்த்தனாரி மனைவியைப் பார்த்தார்.

"பாத்தேன்" என்றாள் சுகந்தாமணி. "மூணாவது வரிசைலயே பாத்துட்டேன். சொன்னா அவுப்பாரு, அவுத்துப் போட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. ஒரு எடத்துல உக்காந்தாரே, உக்காந்துட்டுப் போறாருன்னு உட்டுட்டேன். கூடை கோணலா வரும்னுதான் நெனச்சேன். இப்படி ஆகும்னு நான் கண்டனா?"

"பஸ்சு சுத்தி வந்தப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்குமே?" என்றார் அர்த்தனாரி. "நாளைக்கு இருவது. என்ற வண்டி போயிரும்னு தெரியுமில்ல உனக்கு? நான் போகக்கூடாதுன்னு தானே புள்ள பேசாம இருந்த?"

"இல்லைங்க." அவள் ஊரைப் பார்த்துத் திரும்பினாள். "மொத நாளே தெரிஞ்சுது. நீங்க எல்லாரும் அடைச்சுட்டாங்க அடைச்சுட்டாங்கன்னு ஓடுனீங்க. வெளிய போக முடியலீன்னு நெஞ்சுல அடிச்சுட்டு அழுதீங்க. நான் கலியாணமாகி வந்து இருவத்திரண்டு வருசம் ஆச்சு. ரயில்வே கேட்டத் தாண்டி நான் போனது ஏழோ எட்டோ தடவ, எல்லாம் எழவுக்கும் ஆஸ்பத்திரிக்கும். இவுரு எந்நேரம் வருவாரோ, வந்தா வீடு பூட்டிக் கெடக்கக் கூடாதேன்னு இங்கயே கெடந்தேன். அதுக்கு ஒருத்தரும் கூட்டம் போடலியே? பஸ்சு சுத்திச் சுத்தி வந்தப்ப எனக்கு ஒரு வித்தியாசமுந் தெரியலீங்க. உங்க எல்லாத்தையும் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்குத்தான் பேசாம இருந்தேன். தப்புத்தான்."

கூட்டத்தில் நின்ற பெண்களில் சிலர் தலையைக் குனிந்தார்கள், சிலர் தங்கள் புருசன்மாரைப் பார்த்தார்கள், அவர்கள் அவசரமாக வானத்தைப் பார்த்தார்கள். அர்த்தனாரிக்குக் கோபம் வர வேண்டும், வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் வந்து நிற்க இடமில்லாமல் எங்கேயோ போய்விட்டது.

சுகந்தாமணி கூடையை எடுத்து மடியில் வைத்து, கைப்பிடியிலிருந்து ஆரம்பித்தாள். ருக்குமணியும் தபால்காரர் சம்சாரமும் அந்த இரண்டு பெண்களும் சுற்றி உட்கார்ந்தார்கள், அர்த்தனாரியும் முறிந்த காலை நீட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார், ஆளுக்கொரு முடிச்சாக நெகிழ்த்தி, நகம் ஒடிய ஒடிய இழுத்து, மூன்று மணிவரை அவிழ்த்தார்கள். பதினாறாம் வரிசை அவிழ்ந்தபோது கிழக்கே போன பஸ் மேற்கே வரக் கொஞ்சம் நேரமானது. பத்தாம் வரிசையில் இன்னும் நேரமானது, பஸ்ஸில் இருந்தவர்கள் தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கைப் பார்த்ததாகக் கத்திக்கொண்டே வந்தார்கள். ஐந்தாம் வரிசையில் காய்கறி வண்டி ஒன்று எங்கிருந்தோ திணறிக்கொண்டு ஊருக்குள் வந்தது. சுவரின் கடைசி முடிச்சு அர்த்தனாரியின் கையில் அவிழ்ந்தபோது, போன பஸ் திரும்பி வரவில்லை. கரட்டுக்கு மேலே வானம் வெறும் நீலமாக இருந்தது. வாசலில் நின்ற கூட்டம் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடியது, ஓடியவர்களில் பாதிப் பேர் அங்கே போனதும் ஈரோட்டில் நமக்கென்ன சோலி என்று யோசித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அர்த்தனாரி உள்ளே போய்த் தன் பையை எடுத்துத் துணியை அடுக்கினார். சாயங்கால பஸ்ஸைப் பிடித்தால் ராத்திரி சங்ககிரியில் படுத்து எழுந்து காலையில் சாவியை வாங்கிவிடலாம். லைசென்ஸை எடுத்து வைத்துவிட்டு வெளியே வந்தால், கூடத்தில் சுகந்தாமணி நின்றுகொண்டிருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் ஒரு துணிப்பை இருந்தது.

"எங்க கெளம்பிட்ட?"

"தெரியலீங்க. பஸ்ல ஏறிக் கேட்டுக்கறேன். பழனி போலாம், அங்கிருந்து வேற எங்கயாச்சும் போலாம். கடல் பாத்ததில்லை."

"தனியாவா?"

"நீங்க தனியாத்தான போறீங்க."

அவர் கையிலிருந்த பை கனத்தது. அவள் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"போறவிங்க எல்லாருக்கும் திரும்பி வர ஒரு எடம் வேணுமில்லைங்க. நீங்க எந்நேரம் வந்தாலும் இந்த வீட்டுல லைட்டு எரிஞ்சுச்சு, சோறு இருந்துச்சு. எனக்கும் ஒருக்கா அப்படி வரோணும். நான் வரும்போது வீடு தெறந்திருக்கோணும், உள்ள ஆளு இருக்கோணும். இருக்கச் சொல்லலீங்க. ஆசையச் சொன்னேன்."

அவர் பதில் சொல்வதற்குக் காத்திருக்காமல் படியிறங்கினாள். தெருவில் போகிறவர்கள் எல்லாம் அவளைப் பார்த்து எங்கே அக்கா என்று கேட்டார்கள், அவள் கையை மட்டும் ஆட்டினாள். பஸ் வந்தது, ஏறினாள், ரைஸ்மில் பக்கமாகத் திரும்பிப் போனது. அர்த்தனாரி மேற்குப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் எதுவும் வரவில்லை. ரோடு வெறிச்சென்று கிடந்தது.

போன் அடித்தது. முதலாளி.

"என்ன அர்த்தனாரி, உங்க ஊர்ல ரோடு தெறந்துட்டாங்களாம்ல? நாளைக்கு விஜயவாடா லோடு. காலைல வந்துருவியல்ல?"

அர்த்தனாரி வாசற்படியில் உட்கார்ந்தார். உள்ளே மஞ்சளும் பச்சையுமாக அவிழ்த்த வயர் சுருண்டு கிடந்தது. கையிலேயே பிடித்திருந்த பையை இறக்கிவைத்தார். வண்டி நினைவுக்கு வந்தது, மேட்டில் ஏறும்போது அது போடும் சத்தம் நினைவுக்கு வந்தது.

"வேற ஆளப் போட்டுக்கங்க மொதலாளி" என்றார். "வீட்டுல வெளியூர் போயிருக்குது. எப்ப வரும்னு தெரியலீங்க."